பிரேக் பெடல் தொய்கிறதா? ஏற்காடு ஏறும் முன் பழைய காரில் பார்க்க வேண்டியவை

பழைய கார் வைத்திருப்பவரிடம் பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "நல்லாத்தான் பிடிக்குது, ரெண்டு மிதி மிதிக்கணும், அவ்வளவுதான்" என்பார்கள் பலர். அந்த இரண்டாவது மிதியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டி இரண்டு மிதியில் நின்றுவிடும். அதே வண்டி ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வர வேண்டும். அங்கே ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. நான்கு பேர் உட்கார்ந்த ஒரு மாருதி 800 அத்தனை உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால், முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் ஒரு பங்கை எஞ்சினும் டயரும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் அத்தனையும் பிரேக் பேடு, ஷூ, அவை உரசும் டிஸ்க், டிரம் தலையில்தான் விழும். அவற்றை ஒட்டியிருக்கும் பிரேக் ஆயிலும் சேர்ந்து சூடாகும்.

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. இன்று ஓடும் எந்த வண்டியை எடுத்தாலும் வயது பத்துக்கு மேல். எஞ்சின் நன்றாக ஓடலாம், பெயின்ட் பளபளக்கலாம். பிரேக்கில் இருக்கும் ரப்பர்கள் வயதுக்கு ஏற்பத்தான் இருக்கும்.

பெடல் தொய்ந்தால் நம் ஊரில் முதலில் சொல்வது, "ஏர் எடுத்து, கொஞ்சம் ஆயில் ஊத்தி விடுங்க." காற்று புகுந்ததால் தொய்ந்த பெடல் அதில் சரியாகும். ஆனால் காற்று எப்படி உள்ளே போனது? பூட்டிய குழாய்க்குள் அது தானாகப் போகாது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஏர் மட்டும் எடுத்தால், பத்து நாளில் பெடல் பழையபடி தொய்யும். இன்னும் மோசமாக, பத்து நாள் நன்றாக இருந்து, பதினோராவது நாள் மலையில் தொய்யும். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் பெடலைக் காலால் படித்துப் பார்த்துவிடுவோம். செலவில்லாத வேலை, கால் மணி நேரம்கூட ஆகாது.

காலால் பார்ப்பது

சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெடலை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். மிதியை லேசாக்கும் பூஸ்டரில் தேங்கிய வேக்கம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் கெட்டியாகும். இப்போது நிதானமாக ஒரு முறை அழுத்துங்கள். பாதி தூரம் போவதற்குள் கால் ஒரு சுவரைத் தொட்டது தெரிய வேண்டும்.

அந்தச் சுவர் தெரியாமல், அழுத்த அழுத்தப் பஞ்சு போல அமுங்கி, காலை எடுத்ததும் துள்ளி வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று நினைக்கலாம். பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதுதான் அந்தத் துள்ளல்.

சுவர் தெரிகிறது, ஆனால் ரொம்ப ஆழத்தில் தெரிகிறது, இரண்டாவது மிதியில் மேலே ஏறிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் கடைசியில் கெட்டியாகவே முடிகிறது என்றால் காற்றைத் தேட வேண்டாம். பின் சக்கர ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. பழைய கார்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஏர் எடுத்து எடுத்துச் சலித்துப்போன பல வண்டிகளுக்கு ஷூ அட்ஜஸ்ட் மட்டும்தான் தேவைப்பட்டிருக்கும்.

அடுத்து, எஞ்சினை ஓட விட்டு பெடலை மெதுவாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலில் ஏற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் அதைத் தாண்டிப் பின்பக்கம் போகிறது. இந்தச் சோதனையை மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை என்று இரண்டு விதமாகவும் செய்யுங்கள். தேய்ந்த கப் பலமாக அழுத்தும்போது விரிந்து அடைத்துக்கொள்ளும், லேசாக அழுத்தும்போதுதான் விடும். பட்டறையில் மெக்கானிக் ஓங்கி மிதித்துவிட்டு "நல்லா இருக்குதுங்களே" என்று சொல்வதும், சிக்னலில் லேசாக மிதித்து நிற்கும் உங்களுக்கு மட்டும் பெடல் இறங்குவதும் இதனால்தான்.

ஊரில் நன்றாக இருந்து, மலை இறங்கும்போது பாதி வழியில் தொய்ந்து, அரை மணி நேரம் ஓரம் கட்டி நின்றால் மறுபடி சரியாகிறதா? ஆயில் கொதித்திருக்கிறது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொரு வகை மலைப்பாதையில் மட்டுமே பிடிபடும். நேர் ரோட்டில் பெடல் சரியாக இருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பியபின் முதல் மிதி ஆழமாகப் போகும், அடுத்தது சரியாக இருக்கும். இது வீல் பேரிங் ஆட்டம். வளைவில் சக்கரம் சாயும்போது டிஸ்க்கும் சாய்ந்து, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுகிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் பிரேக்கைத் தொடாமல் முதலில் பேரிங்கைக் கவனியுங்கள்.

புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் பயப்படும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெடலை அழுத்திக்கொண்டே எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். இறங்காமல் கல் போல நின்றால்தான் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

பானட்டைத் திறந்து

மாஸ்டர் சிலிண்டர் மேல் இருக்கும் டப்பாவில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். முன் பேடு தேயத் தேய, காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். டப்பாவில் மட்டம் மெல்ல இறங்குவது அதனாலும் இருக்கலாம். பேடு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்து, மாற்றிவிட்டால் மட்டம் தானாக ஏறும். பேடு தடிமனாக இருந்தும் மட்டம் குறைந்திருந்தால், அல்லது ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால், ஒழுகல் இருக்கிறது.

ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். புது ஆயில் வெளிர் மஞ்சளாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். உங்கள் டப்பாவில் இருப்பது பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால், வேறு என்ன கோளாறு இருந்தாலும் சரி, ஆயிலை முழுவதும் மாற்றியே ஆக வேண்டும்.

காரணம் இதுதான். நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த உறுதி 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறியபின் 155. மலை இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் பக்கத்தில் அந்தச் சூடு வருவது கஷ்டமே இல்லை. தண்ணீர் ஆவியாகும், ஆவி அமுங்கும், கால் தரையைத் தொடும். வண்டி குளிர்ந்ததும் ஆவி மறுபடி நீராகிவிடுவதால், பட்டறையில் பார்க்கும்போது எந்தக் கோளாறும் தெரியாது. மே மாதக் கோடை விழா நேரத்தில் அடிவாரம் வரை வரிசையாக ஊர்ந்து இறங்கும்போது இது நடக்க வாய்ப்பு அதிகம். வேகம் குறைவு என்று மனது சமாதானம் சொல்லும். ஆனால் கால் பெடலை விட்டு எழவே இல்லை, காற்று பட்டு ஆறுவதற்கும் வழி இல்லை.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வண்டி ஓடாமல் நின்றாலும் இதே கணக்குத்தான். ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டுக் கொட்டகையில் பனிமூட்டத்திலும் மழையிலும் மாதக்கணக்கில் நிற்கும் காரை நான் தினமும் ஓடும் டாக்ஸியைவிட அதிகமாகச் சந்தேகிப்பேன். ஓடாத வண்டியில் ஈரம் ஏறிய ஆயில் ஒரே இடத்தில் தேங்கி, சிலிண்டருக்குள் துருப் புள்ளிகளை உண்டாக்கியிருக்கும்.

ஒழுகலைத் தேடுவது

இங்கே அவசரப்பட வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். சமதரை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கிய பக்கத்தில் ஸ்டாண்டு. இவை இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. ஏற்காட்டில் சரிவான வாசலில் நிறுத்தி வேலை பார்ப்பதைவிட, கீழே சேலத்துக்கு வேறு வண்டியில் ஏற்றி எடுத்து வருவது நல்லது.

முதலில் நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள் சுவரில், டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ஈரப் பட்டை தெரிகிறதா? தூசி அங்கே மட்டும் கறுத்துப் பசை போல ஒட்டியிருக்கிறதா? முன் சக்கரத்தில் காலிப்பரும் அதற்கு ஆயில் கொண்டு வரும் ரப்பர் ஹோஸும் சேரும் இடம். வண்டிக்கு அடியில் இரும்புக் குழாய் நெடுகிலும், முக்கியமாகச் சேறு படியும் கிளிப்புகளுக்குப் பின்னால். பிறகு டிரைவர் பக்கம் குனிந்து, பெடல் மேல் முனையில் தள்ளுகம்பி நுழையும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பூஸ்டர் இல்லாத வண்டியில் மாஸ்டரின் பின் ரப்பர் போயிருந்தால் ஆயில் அங்கே வழிந்து காலடி விரிப்பை நனைக்கும். பூஸ்டர் உள்ள வண்டியில் பூஸ்டருக்குள்ளேயே தேங்கிவிடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆயில் குறைகிறது, எங்கும் ஈரம் இல்லை என்றால், மாஸ்டரைக் கழற்றி பூஸ்டரின் வாயில் விரலை விட்டுப் பாருங்கள்.

பின் டிரம்மைக் கழற்றாமல் சோதனை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டுக் கழற்றுங்கள். சில வண்டிகளில் நடு நட்டையும் பேரிங்கையும் எடுக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் டிரம்மிலேயே மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும், அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்தெடுங்கள்.

இப்போது மேலே, இரண்டு ஷூக்களுக்கும் நடுவில் விரல் நீளத்தில் வீல் சிலிண்டர் தெரியும். இரு முனையிலும் ரப்பர் தொப்பி இருக்கும். அந்தத் தொப்பியின் விளிம்பை நகத்தால் மெதுவாகத் தூக்குங்கள். உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். லேசாகப் பிசுபிசுத்தால்கூட ஓரளவு சரி. தூக்கியதும் ஒரு சொட்டு ஆயில் உருண்டு வந்து உங்கள் விரலில் விழுந்தால், அந்தச் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது. ஒழுகல் இன்னும் தரைக்கு வராததால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆயில் வெளியே வருகிற அதே வழியில், பெடலை விடும்போது காற்று உள்ளே போகும். மூன்று முறை ஏர் எடுத்தும் அடங்காத பெடல்களுக்கு இந்த ஒரு சொட்டுதான் விடை.

ஆயில் பட்ட ஷூவைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். லைனிங் உள்ளுக்குள் ஊறியிருக்கும், சூடானதும் மறுபடி கசியும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் புது ஷூ போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து.

கழுவுவது பற்றி இன்னொன்று. பிரேக் ரப்பர்களில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் படக் கூடாது. பட்டால் ரப்பர் உப்பி உருவமே மாறிவிடும். சிலிண்டரைப் புதுப் பிரேக் ஆயிலிலோ கடையில் கிடைக்கும் பிரேக் கிளீனரிலோ மட்டும் கழுவுங்கள். "காலங்காலமா பெட்ரோல்லதாங்க கழுவறோம்" என்று சொல்லும் இடத்தில் உங்கள் வண்டியை விடாதீர்கள்.

ஹோஸ்களை விட்டுவிடக் கூடாது. ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி, நீங்கள் முன் சக்கர ஹோஸை முழுவதும் விரல்களால் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது ஹோஸ் உப்புவது கையில் தெரிந்தால் அது போய்விட்டது. மேலே வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான். பத்து வருட ஹோஸுக்குச் சோதனையே தேவையில்லை என்பது என் கருத்து. சில நூறு ரூபாய்க்கு ஒரு ஹோஸ் கிடைக்கும்போது அதைப் பரிசோதித்துப் பார்த்து எதைச் சேமிக்கப் போகிறோம்?

ஷூ அட்ஜஸ்ட்

டிரம் கழற்றியிருக்கும்போதே அட்ஜஸ்டரைப் பாருங்கள். பல் சக்கரமோ, திருகும் கட்டையோ, வண்டிக்கு வண்டி மாறும். தானாகவே அட்ஜஸ்ட் ஆகும் வகையாக இருந்தாலும் பழைய வண்டியில் துருப்பிடித்து உறைந்திருப்பதுதான் வழக்கம். சுத்தம் செய்து, மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸைத் துளியளவு தடவுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் முழுவதும் தளர்த்திவிடுங்கள். பலர் ஷூ இடைவெளியை மறைக்க கேபிளை இறுக்கி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் ஷூ தன் இடத்தில் உட்காராது, எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் கணக்குத் தப்பும்.

டிரம்மை மாட்டி, சக்கரம் சுற்றாதபடி பிடிக்கும் வரை அட்ஜஸ்டரைத் திருகி, பிறகு லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் முடித்து பெடலை ஒரு முறை பலமாக மிதித்து, மறுபடி சுற்றிப் பாருங்கள். கடைசியாக ஹேண்ட்பிரேக் கேபிள். டிரம் உள்ளே விளிம்பில் மேடு கட்டியிருந்தாலோ வரி வரியாக இருந்தாலோ லேத் பட்டறையில் கடையக் கொடுங்கள். டிரம்மின் மேலேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும், அதைத் தாண்டினால் புது டிரம்தான்.

ஆழமாகப் போய்க்கொண்டிருந்த பெடல் இத்தோடு சரியாகிவிட்டால், அடுத்த பகுதி பழைய ஆயிலை மாற்றுவதற்கு மட்டும்.

ஏர் எடுப்பது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். பெடலில் உட்காருபவர் பொறுமையானவராக இருக்க வேண்டும். அக்கா மகனையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ உட்கார வைத்தால், அவசரப்பட்டு மிதிக்கக் கூடாது, சொல்லுக்குச் சொல் பதில் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தேவையானவை: ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் தெளிவான பிளாஸ்டிக் டியூப், ஒரு சின்ன கண்ணாடி பாட்டில், சீல் உடைக்காத புது பிரேக் ஆயில் ஒரு லிட்டர். டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது டப்பா மூடியில் இருக்கும். இவை இரண்டும் ஒன்றோடொன்று சேரும். டாட் 5 சிலிகான் வகை, இவற்றோடு சேரவே சேராது. பாதி வைத்த பழைய பாட்டிலை எடுக்காதீர்கள், திறந்த அன்றே அது ஈரம் குடிக்கத் தொடங்கியிருக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சிந்தினால் உடனே ஊற்றிக் கழுவுங்கள்.

வேலைக்கு முந்தைய நாளே நிப்பிள்களில் துரு நீக்கும் ஆயில் அடித்து வையுங்கள். உறைந்த நிப்பிளை வலுவாகத் திருகினால் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். பிறகு காலிப்பரையே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு முன்னேற்பாட்டைப் பலரும் செய்வதில்லை. பிரேக் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, பெடல் தரை வரை போகாதபடி தடுத்துவிடுங்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் பிஸ்டன் பாதி தூரம்தான் போய் வரும். அதற்கு அப்பால் சிலிண்டர் சுவரில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது கடைசி வரை மிதித்தால் ரப்பர் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். "ஏர் எடுக்கக் கொடுத்தேன், மறுநாளே மாஸ்டர் போயிடுச்சு" என்று கேள்விப்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வரிசை: மாஸ்டருக்கு எது தூரமோ அது முதலில். நம் ஊர் வண்டியில் மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால் இடது பின் சக்கரம், வலது பின், இடது முன், வலது முன் என்று வரும். முன் சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும், இடது பின்னும் வலது முன்னும் ஒரு ஜோடி. அவற்றில் ஜோடி ஜோடியாகச் செய்யச் சொல்வார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி.

1. டப்பாவில் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்து, புது ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள்.

2. நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் டியூபைச் செருகி, மறு முனையை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய புது ஆயிலுக்குள் முழுகும்படி வையுங்கள்.

3. "மிதி" என்று சொல்லுங்கள். அவர் மெதுவாக மிதித்து, "மிதிச்சுப் பிடிச்சுட்டேன் மாமா" என்று சொல்ல வேண்டும். சொல்லும் வரை நிப்பிளைத் தொடாதீர்கள்.

4. நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். பெடல் கட்டை வரை இறங்கும். டியூபில் ஆயில் ஓடும், கூடவே குமிழிகள் வரும்.

5. நிப்பிளை மூடியபின் மட்டும் "விடு". முன்னாலேயே காலை எடுத்தால் நிப்பிள் வழியாகவே காற்று உள்ளே ஏறும்.

ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை டப்பாவைப் பாருங்கள். அது காலியாகி மாஸ்டருக்குள் காற்று போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குமிழி நின்று, டியூபில் வெளிர் மஞ்சள் நிறம் வந்தபின் அடுத்த சக்கரம். பாட்டிலில் வடிந்த ஆயிலை ஒருபோதும் திரும்ப ஊற்றாதீர்கள். நிப்பிளைப் பலம் காட்டி இறுக்கவும் வேண்டாம், சின்ன மரை அது.

காலிப்பரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் சிறு குமிழிகள் மேலே வந்து சேரும். எவ்வளவு எடுத்தாலும் முன்பக்கம் மட்டும் காற்று தீரவில்லையென்றால் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். காலிப்பரில் நிப்பிள் மேல் முனையில் இருக்க வேண்டும். இதற்கு முன் யாரோ வேலை பார்த்து, இடது காலிப்பரை வலதில் மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும். மேலே தேங்கிய காற்று என்றைக்கும் வெளியே வராது.

மாஸ்டர் போயிருந்தால்

பெடல் மெல்ல இறங்குகிறது, வெளியே ஒழுகல் இல்லை, ஏர் எடுத்தும் மாறவில்லை என்றால் மாஸ்டர்தான். "கிட்டு மட்டும் மாத்திக்கலாம்ணே" என்பார்கள், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும். கழற்றி, உள்சுவரைத் துடைத்து, வெளிச்சத்தில் காட்டி நீங்களே பாருங்கள். கண்ணாடி போல இருந்தால் கிட் போதும். நகம் தட்டுகிற கீறலோ புள்ளித் துருவோ இருந்தால் முழு மாஸ்டரையும் மாற்றுங்கள். புது ரப்பரைப் பழைய துருவில் தேய்க்க விடுவதில் அர்த்தமில்லை. மலைக்குப் போகும் வண்டி என்றால் நான் கிட்டுக்கே போக மாட்டேன், நல்ல கம்பெனியின் முழு மாஸ்டர்தான். வண்டியில் பூட்டும் முன் வைஸில் கிடையாகப் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளிக் குமிழிகளை வெளியேற்றிவிடுங்கள். பிறகு ஏர் எடுப்பது பாதி வேலைதான்.

குழாய்களே துருப்பிடித்து உப்பியிருந்தாலோ, வண்டியைச் சமதரையில் நிறுத்தும்போதே பெடல் தரையைத் தொட்டாலோ, இது வீட்டில் கற்றுக்கொள்ளும் வேலை இல்லை. ஓட்டிப் போகாமல், வேறு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

எஞ்சினை ஓட விட்டு, ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். இன்னொருவர் நான்கு சக்கரங்களிலும் மாஸ்டரிலும் ஈரம் பார்க்கட்டும். பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடை வேகத்தில், அப்புறம் இருபது, அப்புறம் நாற்பது. ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டி, ஆயில் மட்டம் இறங்கவில்லை என்று தெரிந்தபின் கோரிமேடு தாண்டி மலைப் பக்கம் போங்கள். ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு வழியான குப்பனூர் பாதையை முதல் ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிடுங்கள். லேசாகக் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் ஆயிலைக் கொதிக்க வைக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று மிதியில் பூஸ்டர் தீர்ந்துவிடும், எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் இருக்காது.

நடுவழியில் பெடல் தொய்ந்தால் வேகமாக நாலைந்து முறை பம்ப் பண்ணுங்கள். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளில் இயங்குவதால் ஆயில் கொதித்தாலும் அது வேலை செய்யும். மலைப்பக்கமாக ஓரம் கட்டி நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கிலும் டிரம்மிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும், விரிசலும் விடும். முழுவதும் ஆறிய பிறகு பெடல் திரும்பி வந்தாலும், அப்படியே இறங்கலாம் என்று முடிவெடுக்க வேண்டாம். அந்த ஆயில் அடுத்த சில வளைவுகளிலேயே மறுபடி கொதிக்கும். அடிவாரத்திலிருந்து உதவி வரச் சொல்லுங்கள்.

எல்லாம் நல்லபடியாக அடிவாரம் வந்து சேர்ந்தால், இறங்கி நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே அளவு அதிகமாகச் சுட வேண்டும், பின் இரண்டும் ஒரே அளவு குறைவாகச் சுட வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிஸ்டனோ ஷூவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. அடுத்த நாள் முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.